வாசகர் கேள்வி – பதில்: ‘அரண்மனை இன்று மூடியிருக்கிறது’

கேள்வி: நானும் என் கணவரும் அறுபது வயதைக் கடந்தவர்கள். அடுத்த மாதம் முதல்முறையாக வெளிநாடு செல்கிறோம். பாங்காக்கில் நான்கு நாள், பட்டாயாவில் இரண்டு நாள். முன்பு அங்கே போய்வந்த எங்கள் உறவினர் ஒருவர், அரண்மனை மூடியிருப்பதாக வழியில் ஒருவர் சொன்னதை நம்பி, கடைசியில் நீலக்கற்கள் வாங்கிப் பெருந்தொகையை இழந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவரே ஏமாந்தார் என்றால் நாங்கள் எம்மாத்திரம்? – வாசகி, திருச்சி

பதில்: உங்கள் உறவினரைத் தயவுசெய்து குறைவாக எண்ணாதீர்கள். அவர் சிக்கிய வலை பாங்காக்கில் பல பத்தாண்டுகளாக விரிக்கப்பட்டு வருவது. பல நாட்டவரும், நன்கு படித்தவர்களும் அதில் விழுந்திருக்கிறார்கள். அது எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வதுதான் உண்மையான பாதுகாப்பு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1782இல் முதலாம் ராமா மன்னர் கட்டத் தொடங்கிய பேரரண்மனையும் அதனுள் இருக்கும் மரகத புத்தர் கோயிலும் பாங்காக் செல்பவர்கள் முதலில் பார்க்க விரும்பும் இடங்கள். அதன் வாசலை நீங்கள் அடைவதற்குச் சற்று முன்பாகவே, மடிப்புக் கலையாத சட்டை அணிந்த ஒருவர், சில வேளைகளில் கழுத்தில் அடையாள அட்டையும் தொங்க, புன்னகையுடன் அணுகுவார். எந்த ஊர் என்று விசாரிப்பார். பிறகு, இன்று புத்த சமய விழா என்பதால் பிற்பகல் வரை வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை என்று வருத்தத்தோடு சொல்வார். அதுவரை வெயிலில் நிற்பானேன் என்று, உங்கள் கையிலுள்ள வரைபடத்திலேயே மூன்று நான்கு கோயில்களைக் குறித்துக் கொடுத்து, நம் ஊர் ஆட்டோ போன்ற ஒரு டுக்டுக்கையும் கைதட்டி அழைப்பார். அத்தனை இடத்துக்கும் சேர்த்து வெறும் 20 அல்லது 40 பாத் (தாய்லாந்து நாணயம்) என்பார்கள். அந்தப் பணத்தில் அவ்வளவு தூரம் யாராலும் வண்டி ஓட்ட முடியாது. கடைக்காரர்கள் தரும் கமிஷனும் எரிபொருள் சீட்டும்தான் அந்த ஓட்டுநரின் வருமானம்.

கூட்டமில்லாத ஒரு சிறு கோயிலில் இரண்டாமவர் ‘தற்செயலாக’ அமர்ந்திருப்பார். ஆசிரியர் என்றோ அரசு ஊழியர் என்றோ தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, அரசாங்கம் நடத்தும் வரியில்லா நவரத்தின விற்பனைக்கு இன்றே கடைசி நாள் என்றும், தம் உறவினர் இப்படி வாங்கிச் சென்று வெளிநாட்டில் இரு மடங்குக்கு விற்றார் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போவார். வண்டி அடுத்து நிற்பது அந்தக் கடை வாசலில்தான். ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் உங்கள் உறவினர் நிச்சயம் ஐயப்பட்டிருப்பார். ஒருவரையொருவர் அறியாதவர்கள் போலத் தோன்றிய சிலர், தனித்தனி இடங்களில் ஒன்றோடொன்று பொருந்தும் செய்திகளைச் சொன்னதால், அதைச் சாட்சியம் என்று எடுத்துக்கொண்டார். கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தே பழகிய வங்கி ஊழியரை அந்தப் பழக்கத்தின் வழியாகவே வீழ்த்தியிருக்கிறார்கள். பேராசையால் ஏமாந்தார் என்று அவரைக் குற்றம் சொல்வது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

கற்கள் பெரும்பாலும் போலியாகக்கூட இருப்பதில்லை. தரம் குறைந்த உண்மையான கற்களையே பல மடங்கு விலைக்கு விற்பார்கள். எந்த அரசாங்கமும் சுற்றுலாப் பயணிகளுக்கு இப்படி ரத்தினம் விற்பதில்லை. வாங்கியதைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பிவைக்கிறோம் என்று கடைக்காரர் வற்புறுத்தினால், ஊர் திரும்பும் முன் அதை நீங்கள் பரிசோதித்துவிடக் கூடாது, திருப்பித் தரக் கையிலும் இருக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார் என்று கொள்ளுங்கள்.

அரண்மனை பொதுவாக எல்லா நாளும் காலை 8.30 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்திருக்கும். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 500 பாத். அரச விழாக்களுக்காகச் சில பகுதிகள் மூடப்படுவது உண்டு, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் சீட்டு கொடுக்கும் இடத்தில் அமர்ந்திருப்பவர் மட்டுமே. ஆகவே யார் என்ன சொன்னாலும் நன்றி கூறிவிட்டு, நடையை நிறுத்தாமல் வாசல்வரை போய்விடுங்கள். அங்கே போக டுக்டுக்கும் தேவையில்லை. 2019இல் திறக்கப்பட்ட சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். சாவோ பிராயா ஆற்றுப் படகில் வந்தால் தா சாங் துறையில் இறங்கலாம். புடவையோ சுடிதாரோ உங்களுக்குப் பொருத்தமானது. உங்கள் கணவர் முழுக்கால்சட்டை அணிந்து செல்லட்டும். உடை சரியில்லை என்று சொல்லி வெளியே துணி விற்பவர்களுக்கு அதன்பின் உங்களிடம் வேலை இருக்காது.

கேள்வி: பாங்காக் விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு டாக்சிக்காரர் கேட்ட தொகையைப் பேரம் பேசலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பேரமே வேண்டாம், மீட்டர் போடச் சொல்லுங்கள், மறுத்தால் அடுத்த வண்டிக்குப் போங்கள். மீட்டர் 35 அல்லது 40 பாத்தில் தொடங்கும். சுவர்ணபூமி விமான நிலையத்தின் அதிகாரபூர்வ வரிசையில் இயந்திரம் தரும் சீட்டில் வண்டியைப் பற்றிய விவரம் இருக்கும் என்பதால், இறங்கும்வரை அதை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள். மீட்டர் தொகைக்கு மேல் 50 பாத் விமான நிலையக் கட்டணமும், விரைவுச் சாலையில் சென்றால் அதன் சுங்கமும் கேட்பது ஏமாற்று அல்ல. அதற்காக ஓட்டுநருடன் சண்டையிட வேண்டாம். பெட்டிகள் குறைவென்றால் நகருக்குள் பாயா தாய் வரை செல்லும் விமான நிலைய ரயில் இருக்கிறது; 45 பாத்துக்குள் அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

கேள்வி: பட்டாயா கடற்கரையில் என் மகன் நீர் ஸ்கூட்டர் ஓட்ட ஆசைப்படுகிறான். அனுமதிக்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: நான் வேண்டாம் என்றே சொல்வேன். திரும்பி வந்ததும், முன்பே இருந்த கீறலைக் காட்டி, உங்கள் மகன்தான் சேதப்படுத்தினான் என்று பல ஆயிரம் பாத் கேட்டு நான்கைந்து பேர் சூழ்ந்துகொள்வது பட்டாயாவிலும் புக்கெட் தீவிலும் பழைய கதை. பையன் பிடிவாதமாக இருந்தால், ஏறுவதற்கு முன் அடிப்பாகம் உட்பட வண்டி முழுவதையும், வாடகைக்கு விடுபவரும் தெரியும்படி கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை அடகாக மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது அவர்கள் கைக்குப் போய்விட்டால் நியாயம் பேசுவதற்கு உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: ஏமாந்துவிட்டோம் என்று அன்று இரவே தெரிந்தால் என்ன செய்வது? – வாசகி, சேலம்

பதில்: அந்த இரவே 1155 என்ற எண்ணை அழையுங்கள். அது சுற்றுலாக் காவல்துறையின் எண், ஆங்கிலத்தில் பேசலாம். ரசீது, கல், கடையின் முகவரி மூன்றும் கையில் இருக்க, தாய்லாந்தில் இருக்கும்போதே புகார் செய்தவர்களில், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தில் ஒரு பகுதியையேனும் மீட்டவர்கள் உண்டு. ஊர் திரும்பியபின் அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். கார்டில் பணம் கொடுத்திருந்தால் உங்கள் வங்கிக்கும் உடனே எழுதுங்கள், ஆனால் நீங்களே ஒப்புதல் அளித்த பரிவர்த்தனை என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் பலருக்கு நாள்கள் வீணாகின்றன. கணவரிடமோ பிள்ளைகளிடமோ சொல்லத் தயங்கி இரண்டு நாளைக் கடத்திவிடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் வழி கேட்கக்கூட யாரையும் நம்பக் கூடாதா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். நம்மைத் தேடி வந்து பேசுபவருக்கும், நாமாகப் போய்ப் பேசுபவருக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் மனத்தில் வையுங்கள். மெட்ரோ நிலையத்தில் சீட்டுக் கொடுப்பவரோ, தெருவோரம் பழம் நறுக்கி விற்கும் அம்மாளோ, உங்களை அன்று ஏமாற்றுவதற்கென்று அங்கே காத்திருப்பவர்கள் அல்லர்; மொழி புரியாவிட்டாலும் கையைப் பிடித்து அழைத்துச் சென்று வழிகாட்டும் மனிதர்கள் அந்நகரில் ஏராளம். பாங்காக்கின் சீலோம் பகுதியில் இருந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மகா மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். தாய்லாந்து மக்கள் அதை ‘வாட் கேக்’ என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எளிதில் வழி கிடைக்கும்.