சங்கு ஊதினால் சாவு வீடுதான் நினைவுக்கு வருகிறது. பூஜை நேரத்தில் வீட்டில் ஊதலாமா?

தாராளமாக ஊதலாம். இறுதி ஊர்வலத்தில் சங்கும் சேகண்டியும் கேட்டே வளர்ந்ததால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. 'அவனுக்குச் சங்குதான்' என்று கேலி பேசுவதும் அதில் வந்ததுதான். ஆனால் அதே சங்கும் சேகண்டியும் புரட்டாசி சனிக்கிழமை கோவிந்தா போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால் அரிசி போட்டுக் கும்பிடுகிறோம். கார்த்திகை சோமவாரத்தில் சிவன் கோயிலில் 108, 1008 என்று சங்கு அடுக்கி அபிஷேகம் செய்கிறார்கள். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவதும் சங்கில்தானே?

வங்காளத்தில் கதையே வேறு. கூட வேலை பார்த்த பெண்ணின் கல்யாணத்துக்குக் கொல்கத்தா போயிருந்தேன். மாப்பிள்ளை கார் வந்து நின்றதுதான் தாமதம், பெண் வீட்டு அக்காக்களும் சித்திகளும் கன்னம் உப்ப உப்பச் சங்கு ஊதினார்கள், மற்றவர்கள் குலவையிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! அவர்களுக்கு அதுதான் கெட்டிமேளம். அந்தி விளக்கு வைக்கும்போதும் வீட்டில் ஊதுவார்களாம்.

மணப்பெண் கையில் கிடந்த வெள்ளை வளையலும் சங்கை அறுத்துச் செய்ததுதான். ஷாங்கா என்கிறார்கள், கூடவே சிவப்பாகப் போலா. சுமங்கலிக்கு இது முக்கியம். கணவன் இறந்தால் அந்தச் சங்கு வளையலை உடைப்பது பழைய வழக்கம். அந்த வகையில் அங்கேயும் சங்குக்குச் சாவோடு தொடர்பு உண்டு, ஊதுவதில் இல்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அந்தச் சங்கு நம் கடலிலிருந்து போனது என்பது. தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் முக்குளித்து எடுத்த சங்கு கப்பலேறி வங்காளம் போகும். டாக்காவில் சங்கறுப்பவர்களுக்கென்றே ஷாங்காரி பஜார் என்று ஒரு தெரு இருக்கிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். சங்க காலத்தில் நம் பெண்களும் சங்கு வளைதான் போட்டார்கள். கொற்கை அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. நாம் விட்டுவிட்டோம், அவர்கள் விடவில்லை.

சரி, வாங்கப் போகும்போது ஒன்றைப் பாருங்கள். ஊதுகிற சங்குக்கு முனையை அறுத்துத் துளை விட்டிருப்பார்கள். தீர்த்தச் சங்குக்குத் துளை இருக்காது, எவ்வளவு தம் கட்டினாலும் சத்தம் வராது. அப்புறம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் முதல் நாள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஊதுங்கள்.