மழை நாளில் வில்லோடு மானுக்குப் போகலாமா?

தம்பி, பென்சில்வேனியாவில் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து, பொது உரிமத்தோடு வில் வேட்டைக்கான தனி உரிமமும் வாங்கிவிட்டீர்கள். முதல் சனிக்கிழமையே மழை என்று வானிலை அறிக்கை சொல்கிறது. மழையில் மான் வெளியே வருமா, போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மான் வரும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அம்பு பட்ட மானை அப்புறம் எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுதான் மழை நாளின் தலைவலி.

அம்பு பட்ட வெள்ளைவால் மான் நின்ற இடத்திலேயே விழுவது அரிது. இரண்டு நுரையீரலையும் அம்பு துளைத்துப் போனால்கூட பெரும்பாலும் 50, 100 கஜம் ஓடித்தான் விழும். புதர் மண்டிய காட்டில் அது சின்னத் தூரமில்லை. எந்தப் பக்கம் போயிற்று என்று நமக்குக் காட்டுவது இலைகளில் சிந்திய இரத்தம்தான். பலத்த மழை அதைக் கொஞ்ச நேரத்தில் கழுவிவிடும். அதனால் போவதா, எவ்வளவு தூரத்தில் எய்வது, எப்போது எய்யாமல் விடுவது எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

தூறல் என்றால் தாராளமாகப் போங்கள். சொல்லப்போனால் எனக்குப் பிடித்ததே தூறல் நாள்தான். காய்ந்த ஓக் சருகு காலடியில் அப்பளம்போல் நொறுங்கும். நனைந்துவிட்டால் சத்தமே இருக்காது. இரண்டடி வைத்து, நின்று, பார்த்து மெதுவாக நடந்தே மானை நெருங்க முடிகிற நாள் அது. ஆனால் காற்றை மறக்காதீர்கள். ஈரக் காற்றிலும் உங்கள் வாடை மானுக்குப் போகும்; மழை எல்லாவற்றையும் அமுக்கிவிடும் என்று நம்பி, காற்று உங்களிடமிருந்து மானை நோக்கி வீசும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

கொட்டுகிற மழையில், அதுவும் காற்றோடு சேர்ந்தால், மான்கள் ஹெம்லாக் மாதிரி அடர்ந்த ஊசியிலை மரங்களுக்கு அடியில் படுத்துவிடும். அப்போது வீட்டிலேயே இருங்கள். ஆனால் ரேடாரில் மழை எப்போது விடப்போகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். விட்ட கையோடு மான்கள் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு மேயக் கிளம்பும். அந்த நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ட்ரீ ஸ்டாண்டில், அதாவது மரத்தில் கட்டிய இருக்கையில் இருக்கும்போது இடி கேட்டால் பேச்சே இல்லை, இறங்கிவிடுங்கள்.

தூரத்துக்கு வருகிறேன். மைதானத்தில் 40 கஜத்தில் அடிக்கிறீர்கள் என்றாலும் மழையில் 20 கஜத்துக்குள் வந்தால்தான் எய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் கொஞ்சம் முகத்தைத் திருப்பி நம்மிடமிருந்து விலகிப் போகும் கோணமாக இருக்கலாம். அம்பு இரண்டு பக்கமும் துளைத்து வெளியேற வேண்டும். இதில் ட்ரீ ஸ்டாண்டில் உட்காருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அம்பு மேலே நுழைந்து உள்ளேயே நின்றுவிட்டால் இரத்தம் மார்புக்கூட்டுக்குள்தான் நிறையும், தரையில் சொட்டாது. கீழ்ப்பக்கத்தில் ஓட்டை விழுந்தால்தான் தடம் கிடைக்கும். ஆகவே அம்பு எங்கே நுழைகிறது என்பதை மட்டும் பார்க்காமல், எங்கே வெளியே வரும் என்று கணக்குப் போட்டு எய்யுங்கள்.

எய்ததும் மான் நின்ற இடம், கடைசியாகக் கண்ணில் பட்ட மரம், சத்தம் அடங்கிய திசை மூன்றையும் மனதில் பதித்து, போனில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அம்பைத் தேடி எடுங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல். வழக்கமாக அரைமணி நேரம் காத்திருப்போம். மழை வலுக்கிறது என்றால் சீக்கிரமே மெல்லத் தொடரலாம். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம், நாலு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பச்சையாக ஏதாவது ஒட்டி, நாற்றமும் அடித்தால் குடல். இங்கேதான் மழை ஆளை அவசரப்படுத்தும். தடம் அழிகிறதே என்று உடனே பின்னால் போனால், பக்கத்துப் புதரில் படுத்திருக்கிற மான் எழுந்து அடுத்த மலைச்சரிவுக்கே ஓடிவிடும். தடம் போனால் போகட்டும், எட்டு மணி நேரமாவது விடுங்கள். அப்புறம் வாரில் கட்டித் தேடும் நாய் வைத்திருப்பவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்; இந்த மாநிலத்தில் அதற்கு அனுமதி உண்டு. நாய் இரத்தத்தை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை, மானின் குளம்பிடைச் சுரப்பியின் வாடையையும் பிடிக்கும். அதனால் மழைக்குப் பிறகும் வாய்ப்பு இருக்கிறது. மான் பக்கத்து நிலத்துக்குள் போயிருந்தால் முதலில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அடிபட்ட மானைத் தேடி என்றாலும் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது.

சூரியன் மறைந்து அரைமணி வரை சட்டம் எய்ய அனுமதிக்கிறது. மேகமூட்டத்தில் காடு அதற்கு முன்பே இருட்டிவிடும். இரவு மழை வருகிறது என்றால் அந்தக் கடைசி நேரத்து மானை விட்டுவிடுங்கள், கொம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

சாமான்களில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. உண்மையான இறகு வைத்த அம்பு நனைந்தால் படுத்துவிடும், பிளாஸ்டிக் இறகு போதும். நாணுக்கு முன்கூட்டியே மெழுகு தேயுங்கள். குறி பார்க்க நாணில் பொருத்திய பீப் சைட்டின் சின்ன ஓட்டையில் ஒரு நீர்த்துளி நின்றாலும் குறி மறைந்துவிடும், வில்லை இழுக்கும் முன் ஊதிவிடுங்கள். லேசர் தூரமானி மழைத்துளியையே அளந்து தப்புத் தூரம் காட்டலாம். அதனால் வந்து உட்கார்ந்ததும் சுற்றியுள்ள நாலைந்து மரங்களின் தூரத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள். சரசரக்கும் மழைக்கோட்டு வேண்டாம், வெளியே கம்பளியோ ஃப்லீஸோ நல்லது. பருத்தி உடுப்பு நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், உள்ளாடைகூடப் பருத்தியில் வேண்டாம். ஏணிப்படி வழுக்கும், தரையை விட்டுக் கால் எடுப்பதிலிருந்து இறங்கும் வரை ஹார்னஸ் (உடம்போடு கட்டும் பாதுகாப்பு வார்) கயிற்றில் மாட்டியே இருக்க வேண்டும்.

எச்-1பி விசா என்பதால் வில்லே வசதி என்று எழுதியிருந்தீர்கள், சரிதான். அப்படிப்பட்ட விசாவில் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. வேட்டை உரிமம் இருந்தால் விலக்கும் உண்டு. வில்லுக்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது.

இன்னொன்று, அடித்த மானில் கட்ட வேண்டிய டேக் காகிதத்தையும் பேனாவையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். மானை இடத்தைவிட்டு நகர்த்தும் முன் அதைப் பூர்த்தி செய்து கட்டியாக வேண்டும். நனைந்த காகிதத்தில் பேனா எழுதாது.