ஹல்லா மாவும் நாற்பது பெண்களும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யூதப் பெண்மணி. கட்டுப்பாடுகளை விடாமல் கடைப்பிடிக்கிற குடும்பம். சென்ற மாதம் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது, கீமோ தொடங்கிவிட்டது. வரும் வியாழன் இரவு அவருக்காக நாற்பது பெண்கள் கூடி ரொட்டிக்கு மாவு பிசையப் போகிறார்களாம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் ஜெப ஆலயத்தில் வழிபாடு நடக்கப் பத்து ஆண்கள் வேண்டும், பெண்கள் தடுப்புக்குப் பின்னால்தான் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் இந்தப் பெண்கள் கூட்டம் எதில் சேர்த்தி? மாவு பிசைவதில் என்ன பிரார்த்தனை? இந்துவான எனக்கு அங்கே என்ன வேலை? அவர் வீட்டுக்கு சாம்பார் சாதம் செய்து கொடுக்கலாமா?

ம., நியூஜெர்சி

அன்புள்ள ம.,

சாம்பார் சாதம் வேண்டாம். உங்கள் வீட்டில் சுத்த சைவம்தான் சமைக்கிறீர்கள் என்றாலும் அவர்களுக்கு ஆகாது. கோஷர் என்ற யூத உணவு விதி பண்டத்தோடு நிற்பதில்லை. சமைத்த பாத்திரம், கிளறிய கரண்டி, அடுப்பை மூட்டியது யார் என்பது வரை போகும். முழுப் பழங்களாக, நறுக்காமல் கொடுங்கள். இல்லையென்றால் கடையில் முத்திரை பிரிக்காத பொட்டலமாக வாங்குங்கள். உறையில் வட்டத்துக்குள் ஆங்கில 'யு' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், அது கோஷர் சான்றுகளில் ஒன்று. வியாழன் அன்று உங்கள் வீட்டுக் கிண்ணத்தையும் எடுத்துப் போகாதீர்கள்.

பத்து ஆண்கள் என்று நீங்கள் படித்தது, பழைய விதிகளை விடாத ஆர்த்தடாக்ஸ் பிரிவினருக்குப் பொருந்தும். அமெரிக்காவில் அதைவிடச் சற்று நெகிழ்வான கன்சர்வேடிவ் பிரிவு 1973லேயே பெண்களையும் அந்தப் பத்தில் எண்ணலாம் என்று முடிவெடுத்தது. ஆனால் ஆர்த்தடாக்ஸ் பெண்கள் வழிபாடே இல்லாமல் இருந்தார்கள் என்று நினைத்தால் வரலாறு சிரிக்கும். ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் 1212-13 வாக்கில் பெண்களுக்கென்றே தனி ஜெபக்கூடம் கட்டினார்கள். அந்த ஊரில் 1275ல் இறந்த ஊரானியா என்பவரின் கல்லறைக் கல், அவர் பெண்களுக்கு முன்நின்று பாடி வழிபாடு நடத்தியதைச் சொல்கிறது. நமக்குப் பக்கத்திலேயே கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் நோட்டுப் புத்தகம் நோட்டுப் புத்தகமாகப் பாட்டு எழுதிவைத்திருந்தார்கள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் முன்னிலையிலேயே கூடிப் பாடினார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த நோட்டுகளும் கூடவே போயின.

கிழக்கு ஐரோப்பாவில் இன்னொரு வழக்கம் இருந்தது, எனக்கு மிகப் பிடித்தது. யூதப் புத்தாண்டுக்கும், யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாளுக்கும் முந்தைய நாட்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போய்ப் பருத்தி நூலால் கல்லறைகளைச் சுற்றி அளப்பார்கள். அந்த நூலைக் கொண்டுவந்து திரியாக்கி மெழுகுவர்த்தி செய்வார்கள், உயிரோடிருப்பவர்களுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று என்று. ஒவ்வொரு இழையை வைக்கும்போதும் சாராள், ரெபேக்காள் என்று முன்னோர் பெயரைத் தாங்கள் பேசிய யிட்டிஷ் மொழியில் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். வீட்டில் யாருக்காவது நோய் முற்றினாலும் நூலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ரபிகள் எனப்படும் மதகுருக்கள் இதை நடத்தவில்லை.

உங்கள் வியாழக்கிழமைக் கூட்டமும் இந்த வம்சம்தான். துயரக் காலத்தில் இவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வது வேலையைப் பங்கு பிரிப்பதன் வழியாக. 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்று நாம் சொல்லிவிட்டு வருவோமே, அதற்கு அங்கே இடமில்லை. ஒவ்வொருத்திக்கும் கையில் ஒரு அளவு வந்துவிடும்.

மாவிலிருந்து தொடங்குவோம். யூத வேதத்தின் எண்ணாகமம் 15ஆம் அதிகாரம், பிசைந்த மாவின் முதற்பங்கைக் கடவுளுக்கு எடுத்துவைக்கச் சொல்கிறது. அந்தப் பங்குக்குத்தான் ஹல்லா என்று பெயர், பின்னாளில் ரொட்டிக்கும் அந்தப் பெயர் வந்தது. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் அது ஆசாரியருக்கு, அதாவது ஆலயப் பூசாரிக்குப் போனது. கி.பி. 70ல் ஆலயம் போனபின், தூய்மை விதிப்படி உண்ணத் தக்கவர் யாரும் இல்லாததால் எரித்துவிடுகிறார்கள். கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ஓட்ஸ், ரை என்ற ஐந்து தானிய மாவுக்குத்தான் இந்தக் கடமை. அரிசி மாவுக்குக் கிடையாது.

அளவு மிக முக்கியம். மாவு சுமார் 1.2 கிலோவுக்குக் குறைந்தால் எடுத்துவைக்கத் தேவையில்லை. அதற்கு மேல் 1.67 கிலோ வரை, கடவுளை வாழ்த்தும் ஆசிச் சொல் இல்லாமல் எடுப்பார்கள். அதையும் தாண்டினால் ஆசியோடு. 2.25 கிலோ இருந்தால்தான் ஆசி சொல்லலாம் என்று கறாராகக் கணக்கிடுபவர்களும் உண்டு. அதனால்தான் அமெரிக்க வீடுகளில் ஐந்து பவுண்டு மாவுப் பை, அதாவது 2.27 கிலோ, கணக்காக வந்து உட்கார்ந்துகொள்கிறது. எந்தக் கணக்குக்கும் சரியாகப் போகும்.

பெரிய கூட்டங்களில் சறுக்குவது இங்கேதான். நாற்பது பேருக்கும் நாற்பது சின்னக் கிண்ணம், ஆளுக்கு ஒரு கிலோ மாவு என்று வைத்துவிடுவார்கள். எல்லாக் கிண்ணமும் ஒரே மேசையில் இருக்கிறதே, சேர்த்தால் 40 கிலோ ஆகிறதே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொருத்தியும் தன் மாவைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகிறாள், மற்றவள் மாவோடு கலப்பதை விரும்பமாட்டாள். எனவே அவை தனித்தனி மாவுதான், எதுவும் அளவை எட்டாது. எட்டாத மாவின்மேல் ஆசி சொன்னால் கடவுள் பெயரை வீணாக எடுத்ததாகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் நடுவில் ஐந்து பவுண்டு மாவை ஒரே பாத்திரத்தில் பிசைந்து, ஒருத்தி ஆசி சொல்ல மற்றவர்கள் ஆமென் சொல்வதாக ஏற்பாடு செய்வார்கள். நாற்பது பேரும் தனித்தனியே ஆசி சொல்லியாக வேண்டும் என்றால் தொண்ணூறு கிலோ மாவும் ஒரு கல்யாண மண்டபமும் வேண்டும். நாற்பது என்ற எண்ணே மக்கள் வழக்கம்தான், சட்டநூல்கள் அதைக் கேட்கவில்லை. பன்னிரண்டு பேர் வந்தாலும் குறையில்லை.

ஒரு பை மாவுக்கு ஏறக்குறைய இவ்வளவு போகும்: தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, முட்டை நான்கு, எண்ணெய் ஒரு கப், சர்க்கரை கால் கிலோ, உப்பு இரண்டு மேசைக்கரண்டி, உலர் ஈஸ்ட் மூன்று மேசைக்கரண்டி. மாவைச் சலிப்பது பூச்சி இருக்கக் கூடாது என்பதற்காக. முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தம்ளரில் உடைத்துப் பார்ப்பார்கள், ரத்தப் புள்ளி இருந்தால் அந்த முட்டை குப்பைக்கு. தண்ணீர் கை பொறுக்கும் வெதுவெதுப்பைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும், அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் மாவு எழும்பாது. கூட்டத்தில் பேச்சு சுவாரசியத்தில் மாவை மேலும் மேலும் தூவுவார்கள், அதுதான் ரொட்டி கல்லாவதற்குக் காரணம். கையில் லேசாக ஒட்டினால் பரவாயில்லை, எண்ணெய் தொட்டுப் பிசையுங்கள். மோதிரங்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

மாவு எழும்பியதும் பின்னுவதற்கு முன் அந்தக் கட்டம் வரும். ஆசி சொல்லி, ஆலிவ் காயளவு, சுமார் 30 கிராம், கிள்ளி எடுத்து 'இது ஹல்லா' என்பார்கள். அந்த நேரத்தில் நோயாளியின் பெயரைத் தாயின் பெயரோடு சேர்த்து, இன்னாரின் மகள் இன்னார் என்று சொல்லி வேண்டிக்கொள்வார்கள். நோய்க்கான வேண்டுதலில் தகப்பன் பெயர் வராது. கிள்ளிய துண்டை அலுமினியத் தாளில் சுற்றிக் கருக எரிப்பார்கள், ரொட்டி வேகும்போது அதே அடுப்பில் அல்ல. மாவு அளப்பது, பாத்திரம் பிடிப்பது, பின்னுவது இதிலெல்லாம் நீங்கள் சேரலாம். ஆசியும் கிள்ளலும் அவர்களுடையவை. அடுப்பையும் அவர்களே மூட்டட்டும்.

பிசைந்து முடித்து எழும்பக் காத்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் சங்கீதம், அதாவது வேதத்திலுள்ள துதிப்பாடல்கள், வாசிப்பார்கள். 150 சங்கீதங்களையும் தனித்தனிச் சிறு புத்தகமாகப் பிரித்துக் கையில் கொடுப்பார்கள், முழு நூலும் ஒரே அமர்வில் முடிந்துவிடும். சிக்கல் 119ஆம் சங்கீதம்: 176 வசனம், எபிரேய எழுத்து ஒன்றுக்கு எட்டு வசனம். அது பாவம் ஒருத்தி தலையில் விழுந்தால் மற்றவர்கள் மாவைப் பின்னத் தொடங்கிய பிறகும் அவள் உட்கார்ந்திருப்பாள். இரண்டு மூன்று பேருக்குப் பிரிக்க வேண்டும். நோயாளியின் பெயரெழுத்துகளுக்குரிய எட்டெட்டு வசனங்களை மட்டும் சொல்வதும் உண்டு.

நோயாளியைப் பார்க்கப் போவதற்கும் தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட விவாத நூல் கணக்கு வைத்திருக்கிறது. பார்க்க வருபவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துப் போகிறார். அப்படியானால் அறுபது பேரை அனுப்பி ஆளை எழுப்பிவிடலாமே என்று அங்கேயே ஒருவர் கேட்கிறார். ஒவ்வொருவரும் மிச்சமிருப்பதில்தான் அறுபதில் ஒரு பங்கை எடுக்கிறார் என்பது பதில். எத்தனை பேர் போனாலும் கொஞ்சம் மீதி இருக்கும். பகலின் முதல் மூன்று மணி நேரமும் கடைசி மூன்று மணி நேரமும் போகாதே என்றும் சொல்கிறது. காலையில் நோய் லேசாகத் தெரியும், வந்தவருக்கு வேண்டிக்கொள்ளத் தோன்றாது. மாலையில் கடுமையாகத் தெரியும், நம்பிக்கை விட்டுப்போகும். கீமோ எடுப்பவரைப் பார்க்கவும் முற்பகலும் பிற்பகலும்தான் ஏற்ற நேரம். போனால் கால்மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள்.

உங்கள் வேலை என்ன என்று கேட்டிருந்தீர்கள். சமையல் அட்டவணை, மருத்துவமனைக்குக் காரில் கூட்டிப்போகிற அட்டவணை எல்லாம் அந்தப் பெண்களே போட்டிருப்பார்கள். அதில் எப்போதும் ஒரு ஓட்டை உண்டு. வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு இருட்டும் வரை சபாத் என்ற ஓய்வுநாள், அவர்கள் கார் ஓட்டமாட்டார்கள், போன் எடுக்கமாட்டார்கள், பண்டிகை நாட்களிலும் அப்படியே. உயிருக்கு ஆபத்து என்றால் விதியை மீறலாம், மீறித்தான் ஆக வேண்டும். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவதும் அப்படிப்பட்ட ஆபத்துதான், உடனே அழைத்தாக வேண்டும். ஆனால் மருந்துக் கடைக்கு ஓடுவது போன்ற, உயிருக்கு ஆபத்தில்லாத வேலைகளில் அவர்கள் திணறுவார்கள். நோயாளிக்காக யூதரல்லாத ஒருவரைக் கேட்க அவர்கள் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த நாளில் அவர்கள் உங்களைத் தேடிக் கூப்பிடவும் முடியாது. ஆகவே வியாழன் இரவே அட்டவணை வைத்திருப்பவரிடம் சனிக்கிழமைகளை உங்கள் பெயருக்கு எழுதச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு நானே வந்து கதவைத் தட்டுவேன் என்று சொல்லிவைத்துவிடுங்கள். அழைப்புமணியை அழுத்த வேண்டாம், கையால் தட்டுங்கள்.