பரிசல் சாக்கு கிழிந்தால்: கேள்வி பதில்

பவானி ஆற்றங்கரையில் பரிசல் கட்டுவதும் பழுது பார்ப்பதும் எங்கள் வீட்டுத் தொழில். அப்பா எருமைத்தோல் காலத்தைப் பார்த்தவர். நான் மூங்கில் கூட்டின் மேல் பிளாஸ்டிக் உரச் சாக்கைக் கட்டித் தார் பூசும் காலத்தில் வளர்ந்தவன். பரிசலின் உறை கிழிவது, ஒழுகுவது, மாற்றுவது பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். புதுப் பரிசல் என்ன விலை என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அது மூங்கில்காரரைக் கேட்க வேண்டிய கேள்வி.

பண்ணவாடியிலிருந்து ஒரு மீனவர்: அண்ணா, வணக்கமுங்க. பரிசல் அடியில ஒரே இடத்துல மூணு தடவை ஒட்டுப் போட்டுட்டேன். பத்து நாள்ல மறுபடி ஒழுகுதுங்க. தார் சரியில்லீங்களா?

தார் மேல் பழி போடாதீர்கள். ஒரே இடம் மூன்று தடவை கிழிகிறது என்றால், கிழிப்பது உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு மூங்கில் பிளாச்சு, அதாவது கூட்டில் பின்னிய பட்டை, ஒடிந்திருக்கும். ஒடிந்த முனை கத்தி மாதிரி. நீங்கள் ஏறி மிதிக்கும்போதெல்லாம் அது சாக்கை உள்ளிருந்து குத்தும். வெளியே எத்தனை ஒட்டுப் போட்டாலும் அது குத்திக்கொண்டேதான் இருக்கும்.

பரிசலைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் உள்ளே புகுந்து பார்க்கட்டும். ஒழுகும் இடத்தைச் சுற்றி ஒரு முழ அளவுக்கு ஒவ்வொரு பிளாச்சையும் கட்டைவிரலால் அழுத்தச் சொல்லுங்கள். நல்ல பிளாச்சு வளைந்து திரும்பும். ஒடிந்தது அப்படியே உள்வாங்கும். உளுத்துப்போயிருந்தால் மாவு மாதிரி தூள் கொட்டும். ஒடிந்ததைப் பிடுங்கி எறிய வேண்டாம், பின்னல் தளர்ந்துவிடும். அதன் மேலேயே இரண்டு பக்கமும் ஒரு முழம் தாண்டும்படி புதுப் பிளாச்சைச் செருகி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கூர் முனைகளை எல்லாம் கத்தியால் சீவி மழுக்குங்கள். அதற்கும் சாக்குக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து ஒரு துண்டு வையுங்கள். அப்புறம்தான் வெளியே ஒட்டு.

இன்னொன்று. நீங்கள் இருப்பது மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. தண்ணீர் இறங்கினால் அங்கே மூழ்கிய பழைய கோயில் நந்தியே தலை காட்டும். அந்த ஆழத்தில் பழைய சுவரும் கட்டையும் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கோடையில் பரிசல் அடிபட்டால், அன்று ஒழுகாவிட்டாலும் கரைக்கு வந்ததும் கவிழ்த்துப் பாருங்கள். சாக்கு தப்பித்திருக்கும், உள்ளே மூங்கில் ஒடிந்திருக்கும்.

பவானிசாகர்: முழுசா மாத்தணும்னு முடிவு பண்ணிட்டேன். சாக்கு நல்லதா, தார்ப்பாய் நல்லதா? ஏழடி பரிசலுக்கு எவ்வளவு வேணுங்க?

எனக்குச் சாக்குதான். காரணம் சொல்கிறேன்.

தார்ப்பாய் ஒரே துண்டாக வரும், தைக்க வேண்டாம், ஒரு மணி நேரத்தில் கட்டிவிடலாம். அது உண்மை. ஆனால் வழவழப்பான தார்ப்பாயில் தார் சரியாகப் பிடிக்காது, செதில் செதிலாக உரியும். தார் உரிந்த இடத்தில் வெயில் நேராக அடிக்கும். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீரை விடப் பெரிய பகை வெயில். சாக்கு நெய்த பொருள். தார் இழைக்கு இழை இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கல் குத்தினாலும் கிழிசல் ஓடாமல் அங்கேயே நிற்கும்.

கணக்கு இது. வாய் அகலம் ஏழடி, ஆழம் இரண்டடி என்றால், ஒரு விளிம்பிலிருந்து அடி வழியாக மறு விளிம்புக்குப் பதினோரு அடி வைத்துக்கொள்ளலாம். விளிம்பில் மடித்துக் கட்டப் பக்கத்துக்கு அரை அடி. ஆக 12 அடி. தார்ப்பாய் என்றால் 12க்கு 12. சாக்கு என்றால், யூரியா வருகிற 45 கிலோ சாக்கைத் தையல் பிரித்து விரித்தால் சுமார் நாலடிக்கு மூன்றடி கிடைக்கும். இணைப்புக்குப் போக ஒரு சுற்றுக்கு, அதாவது ஓர் அடுக்குக்கு, 12 சாக்கு, இரண்டு சுற்றுக்கு 24, கிழிந்தது போக 26 வாங்குங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையை எடுத்துவிட்டு, உப்பு போகக் கழுவிக் காயவையுங்கள். ஈரம் இருந்தால் தார் நுரைக்கும்.

தைக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று நாலு விரல் ஏறட்டும். கோணூசியும் நைலான் நூலும் போதும். முதல் சுற்றின் இணைப்பு வந்த இடத்துக்கு நேரே இரண்டாம் சுற்றின் இணைப்பு வரக்கூடாது. சுவர் வைக்கும் கொத்தனார் செங்கலைத் தள்ளித் தள்ளி வைப்பாரே, அந்த மாதிரி. அடிப்பாகத்தின் நடுவில் தையலே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடு அடிக்கு முழுச் சாக்கு, ஓரத்துக்குத் துண்டு. பலரும் இதை மாற்றிச் செய்துவிட்டு அப்புறம் நடுவில் ஒழுகுகிறது என்று வருகிறார்கள்.

கோபியிலிருந்து ஒரு தம்பி: கல்யாண பிளக்ஸ், கட்சி பிளக்ஸ் எல்லாம் சும்மாவே கிடைக்குதுங்க. அதைக் கட்டித் தார் பூசினா என்ன?

நானும் ஒரு தடவை செய்தேன். மாப்பிள்ளை பெண் படத்தோடு ஆற்றில் போனது பரிசல். மூன்று மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் பிளக்ஸ் அப்பளமாக நொறுங்கியது, தார் ஒட்டுப் பிசினாக இளகிக் கையில் ஒட்டியது. காரணம் பிறகுதான் தெரிந்தது. பிளக்ஸ் என்பது நூல் துணி மேல் பூசிய பிவிசி. அது வளைந்து கொடுப்பதற்காக ஒரு எண்ணெய்ப் பொருள் கலந்திருப்பார்கள். தார் பட்டால் அந்த எண்ணெய் தாருக்குள் போய்விடும். பிளக்ஸ் விறைக்கும், தார் இளகும். தார் இல்லாமல் வெறும் பிளக்ஸைக் கட்டினால் ஒரு கோடைக்கு வரும், அவ்வளவுதான். சும்மா கிடைப்பது சும்மா கிடைப்பது மாதிரிதான் உழைக்கும்.

ஈரோடு: சின்ன ஓட்டைதான். எம்சீல், பெவிக்விக், பஞ்சர் சொல்யூஷன், எல்லாம் போட்டாச்சு. எதுவும் ஒட்டலை.

ஒட்டாது. சாக்கு, தார்ப்பாய் இரண்டும் பசை எதையும் பிடிக்காத பிளாஸ்டிக். பசை மேலே காயும், வளைந்ததும் பெயர்ந்து வரும். அதை ஓரளவாவது பிடிப்பது தார்தான். சின்ன ஓட்டைக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தார் பூசிய வாட்டர்புரூஃப் டேப் போதும். ஓட்டையைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வெயில் சூட்டில் ஒட்டி, பாட்டிலை உருட்டி அழுத்துங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். சதுர மூலைதான் முதலில் கிளம்பும்.

கொளத்தூர்: சித்திரை வெயில்ல தார் உருகி வழியுது. வலையெல்லாம் நாசம். கெட்டித் தார் வாங்கலாமா? காய்ச்சும்போது எவ்வளவு சூடு வேணும்?

ரோட்டுக்குப் போடும் தாரில் நம் பக்கம் அதிகம் கிடைப்பது விஜி-30. அது ஏறக்குறைய 50 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். கறுப்புப் பரிசல் சித்திரை வெயிலில் அதைத் தாண்டிப் போய்விடும். மொட்டை மாடிக்கு ஊற்றும் 85/25 என்ற கெட்டித் தார் 85 டிகிரி வரை தாங்கும். ஆனால் அதை ஓடவைக்க வேண்டிய சூட்டில் சாக்கு சுருண்டுவிடும். சாக்கின் இழை 130லிருந்து 165 டிகிரிக்குள் உருகிவிடும், எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைப் பொறுத்து. அதனால் நான் ரோட்டுத் தாரையே காய்ச்சி, இறக்கி வைத்து, மாவு போலச் சலித்த கல்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுவேன். பத்துப் பங்கு தாருக்கு இரண்டு பங்கு தூள். வழிவது நன்றாகக் குறையும். கடைசிப் பூச்சு ஆறும் முன் மேலே சாம்பலைத் தூவித் தேய்த்துவிட்டால் வலையும் ஒட்டாது.

சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் தேடாதீர்கள். பழைய சாக்குத் துண்டு ஒன்றில் ஒரு கரண்டி ஊற்றுங்கள். துண்டு சுருங்கினால் சூடு அதிகம், காத்திருங்கள். சுருங்காமல் பரவினால் பூசலாம். தேங்காய் மட்டையின் முனையைத் தட்டி நாராக்கினால் அதுவே பிரஷ். ஏழடிக்கு இரண்டு பூச்சும் சேர்த்து 15 கிலோ தார் போதும். அதற்கு மேல் பூசினால் பரிசலைத் தலையில் தூக்கிக்கொண்டு கரையேற முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கோபக்காரன். தார் கெட்டியாக இருக்கிறது என்று அடுப்பு மேல் இருக்கும்போதே டீசல், மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். நெருப்பு முகத்துக்கு வந்துவிடும். சூட்டுத் தாரில் தண்ணீர் பட்டாலும் பொங்கி வழியும். தார் உடம்பில் பட்டுவிட்டால் உரிக்கவே கூடாது, தோலோடு வரும். தண்ணீர் விட்டுக்கொண்டே இருபது நிமிடம் ஆறவைத்து, தாரோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அவர்கள் எடுப்பார்கள். என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு, பதினெட்டு வயதில் நானே உரித்தது.

நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, வீட்டுக்காரரும் நானும் மீன் பிடிக்கறோம். கிழியறது தண்ணியில இல்லீங்க, கரையிலதான். எலி கடிச்சுடுது.

எலி சாக்கைத் தேடி வரவில்லை அம்மணி, மீன் வாடையைத் தேடி வருகிறது. பொழுதோட கரையேறியதும் உள்ளே நாலு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். தரையோடு கவிழ்த்தால் உள்ளே புழுக்கம், எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. மூன்று கல் வைத்து அதன் மேல் கவிழ்த்தால் காற்றும் போகும், கரையானும் ஏறாது. புளிய மரத்து நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது. மரத்தில் சாய்த்து நிறுத்த வேண்டாம். ஒரே விளிம்பில் எடை இறங்கி, வட்டம் முட்டையாகிவிடும். கோணிய பரிசலில் சாக்கு ஒரு பக்கம் இழுபடும், மறு பக்கம் தொங்கும்.

பெருந்துறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தோல் பரிசல் இப்போது எங்காவது கட்டுகிறார்களா? சாக்கை விடத் தோல் உறுதி அல்லவா?

ஐயா, நான் கட்டியதில்லை, அப்பா கட்டியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சிறியதற்கு ஓர் எருமைத்தோல், பெரியதற்கு இரண்டைத் தைத்து. ஈரத்தோலை இழுத்துக் கட்டிக் காயவிட்டால் அது சுருங்கி மூங்கிலைப் பிடிக்கிற பிடி இருக்கிறதே, தட்டினால் தப்பட்டை மாதிரி சத்தம் வரும். கல்லில் உரசினாலும் சாக்கு மாதிரி சட்டென்று கிழியாது. உறுதி என்று நீங்கள் சொல்வது சரிதான்.

ஆனால் அதைப் பிள்ளை மாதிரி பார்க்க வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீரில் இருந்தால் ஊறிக் கனத்துவிடும், காயவிடாமல் இரண்டு நாள் போட்டால் அழுகும். அதிகமாகக் காய்ந்தால் வெடிக்கும், எண்ணெய் தடவ வேண்டும். ராத்திரி நாய் கடித்துவிடாமல் காவல் வேறு. அப்பா சொல்வார், தோல் பரிசல் வைத்திருந்தவன் வெளியூர் போய்த் தங்கினதில்லை என்று. சாக்கு வந்த பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் அந்த வாடை மட்டும்தான் நினைவில் நிற்கிறது, ஏக்கம் எதுவும் இல்லை.

உடுமலை: எங்க மீன் குட்டைக்கு ஃபைபர் பரிசல் வாங்கினோம். அடியில மேல்பூச்சு தேய்ஞ்சு நார் தெரியுது. தார் பூசலாங்களா?

வேண்டாம். தார் பூசிவிட்டால் அப்புறம் ரெசின், அதாவது ஃபைபர் நாரைப் பிடித்து இறுகும் பிசின், பிடிக்காது. நார் தெரிந்தால் தண்ணீர் உள்ளே ஊறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கவிழ்த்து நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். தேய்ந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலம் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ரெசினும் ஃபைபர் மேட்டும் இரண்டு அடுக்கு. கீழடுக்கு சின்னது, மேலடுக்கு பெரியது. ஒரு எச்சரிக்கை: ரெசினை இறுக வைக்க அதனோடு தரும் ஹார்டனரையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேராக ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி, அப்புறம் ஹார்டனர். மழை ஈரத்தில் இந்த வேலை ஆகாது.

பரமத்திவேலூர்: எப்போ ஒட்டுப் போடறது, எப்போ மொத்தமா மாத்தறது? பழசு மேலேயே புதுசு கட்டலாமா?

சாக்கின் ஓரத்தில் ஓர் இழையை உருவி இழுத்துப் பாருங்கள். நீண்டு அறுந்தால் உயிர் இருக்கிறது, ஒட்டுப் போதும். நகத்தில் பட்டாலே பொடியானால் எத்தனை ஒட்டுப் போட்டும் பயனில்லை, ஒட்டுக்குப் பக்கத்தில் கிழியும். ஓட்டை எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பழசு மேல் புதுசு ஒரு தடவை செய்யலாம், நானும் செய்வேன். இரண்டாவது தடவை கூடாது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கும், அது மூங்கிலை உளுக்கவைக்கும், பரிசல் எடையும் ஏறும். முழுசாக உரித்தால்தான் மூங்கிலைக் கண்ணால் பார்க்க முடியும். உரித்த தார்ச் சாக்கை அடுப்பில் வைத்து எரிக்காதீர்கள், அந்தப் புகை பொல்லாதது.

பவானியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, புதுசாக் கட்டினதை ஆடி பதினெட்டுக்கு ஆத்துல விடலாம்னு இருக்கோம். எத்தனை நாள் காயணும்?

தார் ஆற ஒரு ராத்திரி போதும். ஆனால் அன்றைக்கு ஆறு கரைபுரண்டு வரும், புதுப் பரிசலைச் சோதிக்கிற நாள் அதுவல்ல. ஒரு வாரம் முன்பே வாய்க்கால் ஓரம் தேங்கிய தண்ணீரில் இறக்குங்கள். உள்ளே நாலு ஆள் எடைக்கு மணல் மூட்டை வைத்து, அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். தாள் எங்கே நனைகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, எடுத்துக் காயவைத்து இன்னொரு பூச்சு. விளிம்பில் கட்டிய கட்டுகளையும் ஒரு தடவை இறுக்குங்கள், முதல் எடையில் அவை தளரும். வட்டமே விழவில்லை என்றால் இன்னொரு தடவை தாளை விரித்து, மூட்டையை வைத்துப் பாருங்கள். முதல் தடவை நான் தாளை விரிக்கவே மறந்து சோதித்தேன் என்று அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.