பழைய .22 டார்கெட் ரைஃபிளை வைத்துக்கொண்டு இன்றைய புது ரைஃபிள்களோடு போட்டி போட முடியுமா?

முடியும். படுத்துச் சுடும் பிரோன் என்றால் தயங்காமல் முடியும் என்பேன். நின்றும் மண்டியிட்டும் சுடும் த்ரீ பொசிஷனுக்குப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் கைச்செலவு செய்தால் முடியும்.

கிளப்பில் ஒரு பெரியவர் தன்னுடைய அன்சூட்ஸ் 1411 என்ற பழைய ஜெர்மன் டார்கெட் ரைஃபிளைக் குறைந்த விலைக்குத் தரத் தயாராக இருக்கிறார், அதை வாங்கினால் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் கம்பெனிகளின் புது ரைஃபிள் வைத்திருப்பவர்களிடம் தோற்றுக்கொண்டே இருப்பேனா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ரேஞ்சில் யாரோ உங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். வீட்டில் ஒரு பக்கம் கடன் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் நான் பார்த்துவிட்டேன். அதனால்தான் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பதும் ஒரு 1411தான். என் மாமனார் 1970-களில் வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு வாரிசு என்ற முறையில் லைசென்ஸை என் பெயருக்கு மாற்றி வாங்கினேன். வால்நட் மரக்கட்டை, கனத்த பேரல் (குழல்), மேட்ச் 54 ஆக்ஷன் (தோட்டாவை ஏற்றி அடிக்கும் இயந்திரப் பகுதி). முதல் தடவை போட்டிக்கு அதை எடுத்துக்கொண்டு போனபோது பக்கத்து லேனில் மரக்கட்டைக்குப் பதிலாக அலுமினிய ஸ்டாக் மாட்டிக்கொண்டிருந்த ஒரு பையன், "ஏங்க்கா, இதையெல்லாம் மியூசியத்துல வெக்கறதுங்களே?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான். அன்று எனக்கு ஸ்கோரும் சரியாக வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்தான் காதில் இருந்தது.

ஆனால் அன்றைய அட்டைகளை மேசையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. தப்பிய குண்டுகள் எல்லாம் நேர் கீழே போயிருந்தன. இடம் வலமாகச் சிதறவே இல்லை. நான் ட்ரிக்கரைப் பிடுங்கியிருந்தால் அது ஒரு பக்கமாகப் போகும். காற்று என்றால் இடமோ வலமோ தள்ளும். பேரல் கெட்டிருந்தால் நாலா பக்கமும் சிதறும். ஆறு மணித் திசையில் மட்டும் வரிசையாக இறங்குகிறது என்றால், சில தோட்டாக்கள் மெதுவாகக் கிளம்புகின்றன என்று அர்த்தம்.

அடுத்த பயிற்சியில் ரைஃபிளை மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டேன். ஒவ்வொரு காலி கேஸையும் (தோட்டாவின் உறை), சுட்ட வரிசை மாறாமல் தோட்டா டப்பாவின் குழியிலேயே திருப்பிச் செருகினேன். பிறகு கீழே போன குண்டுகளின் கேஸ்களை மட்டும் எடுத்து லென்ஸில் பார்த்தேன். விளிம்பில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அடித்த பள்ளம் அவற்றில் மேலோட்டமாக இருந்தது. நடுவில் விழுந்த குண்டுகளின் கேஸ்களில் பள்ளம் கூர்மையாக, ஆழமாக இருந்தது. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் ஒட்டியிருக்கிறது. அடி ஒரே மாதிரி விழவில்லை என்றால் பற்றுவதும் ஒரே மாதிரி இருக்காது. .22 மேட்ச் தோட்டா நொடிக்கு 325 மீட்டர் அளவில் கிளம்பும். அதில் 10 மீட்டர் வேகம் குறைந்தாலே 50 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் இறங்கிவிடும். 10 வட்டத்தின் மொத்த விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. நடுவில் 10.9 என்ற உச்ச மதிப்பெண்ணாக விழ வேண்டியது 10-இன் ஓரத்துக்கு வந்து நிற்கும்.

எங்கள் ஊரில் லைசென்ஸ் வைத்துத் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர் போல்ட்டைப் பிரித்தார். உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து பழுப்பு நிறப் பசையாகி ஃபயரிங் பின்னைச் சுற்றி ஒட்டியிருந்தது. ஸ்பிரிங்கை வெளியே எடுத்துப் புதிய ஸ்பிரிங் பக்கத்தில் நிறுத்தினார். பழையது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குட்டையாகியிருந்தது. "துப்பாக்கிக்கு வயசாகலீங்க அம்மிணி, ஸ்பிரிங்குக்குத்தான் வயசாயிருக்கு" என்றார். கழுவி, ஸ்பிரிங் மாற்றி, கிரீஸ் வைக்காமல் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும் விட்டுக் கொடுத்தார். சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறை) சற்று முன்னால் பேரலுக்குள் கரி ஒரு வளையமாக இறுகிப் போயிருந்தது. சாதாரணமாகத் துணி விட்டுத் துடைத்தால் அது போகாது. வெண்கல பிரஷ்ஷும் கரைப்பானும் போட்டு அதையும் எடுத்தோம்.

பிறகு எங்களோடு சுடும் ஒரு தங்கச்சியின் புது வால்தர் கேகே500-ஐயும் என்னுடையதையும் ஒரே மணல் மூட்டை மேல், ஒரே டப்பாத் தோட்டாவில் சுட்டுப் பார்த்தோம். அவளுடைய க்ரூப் (குண்டுத் துளைகளின் கூட்டம்) நன்றாக உருண்டையாக வந்தது. என்னுடையது கொஞ்சம் நீள்வட்டம். இரண்டும் 10-க்குள்ளேயே இருந்தன. வேறு ஒரு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) தோட்டா போட்டபோது என்னுடையது சுருங்கி அவளுடையது விரிந்தது. பேரலும் தோட்டாவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும், அதில் புதுசு பழசு கிடையாது. பெரிய நாடுகளின் அணிகள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு தோட்டாக் கம்பெனிகளின் சோதனைக் கூடத்துக்கே போய் லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குகின்றன. லாப்புவாவுக்கு ஜெர்மனியில் ஷோனெபெக்கில் அதற்கென்றே ரேஞ்ச் இருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் கிளப்பில் நாலு பேர் சேர்ந்தால் கையில் இருக்கும் ஈலி, ஆர்டபிள்யூஎஸ், எஸ்கே டப்பாக்களில் எந்த லாட் யாருடைய பேரலுக்குப் பிடிக்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ள முடியும். நாங்கள் அதைத்தான் செய்கிறோம்.

இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் ஒலிம்பிக்கில் ஏன் யாரும் 1411 கொண்டு வருவதில்லை" என்று ஒருவர் கமெண்ட்டில் கேட்பார். நியாயமான கேள்விதான். 1972 மியூனிக்கில் வட கொரியாவின் லீ ஹோ ஜுன் பிரோனில் 600-க்கு 599 எடுத்தார். அன்று அந்த லைனில் இருந்தவை எல்லாம் நாம் இன்று பழசு என்று ஒதுக்கும் தலைமுறை ரைஃபிள்கள். அன்று 10 வட்டம் இன்றையதைவிடப் பெரிதாக இருந்தது என்பது எனக்கும் தெரியும். 1989-இல்தான் அட்டையை மாற்றினார்கள். சிறிய வட்டத்திலும் லண்டன் 2012-இல் பெலாரஸின் செர்கேய் மார்தினோவ் தகுதிச் சுற்றில் 600-க்கு 600 எடுத்தார். அதே போட்டியில் நம் ஜாய்தீப் கர்மாகர் நாலாவது வந்தார் என்பதை இங்கே பலர் மறந்துவிட்டார்கள்.

உண்மையான மாற்றம் 2013-இல் வந்தது. அதுவரைக்கும் தகுதிச் சுற்றில் 10 என்றால் 10. வட்டத்தின் கோட்டைத் தொட்டாலும் 10, நடு மையத்தில் விழுந்தாலும் 10. அதன் பிறகு பிரோன் தகுதிச் சுற்றிலும் 10.0, 10.4, 10.9 என்று தசமத்தில் எண்ண ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு 0.1-க்கும் வித்தியாசம் வெறும் 0.8 மில்லிமீட்டர். உலகத் தரத்தில், 60 ஷாட்டுக்கு 10.9 வீதம் 654-க்கு 625-ஐத் தாண்டி 630 பக்கம் போகிறவருக்கு, உருண்டையான க்ரூப்புக்கும் நீள்வட்ட க்ரூப்புக்கும் உள்ள வித்தியாசம் இடத்தையே மாற்றிவிடும். அவர் புதிய ரைஃபிளுக்கும் சோதித்து வாங்கிய தோட்டாவுக்கும் செலவு செய்வது சரிதான். மாநிலப் போட்டியில் 600-க்கும் 615-க்கும் நடுவில் நிற்கிற நமக்கு இழப்பு அங்கே இல்லை. காற்று திரும்பியதைப் பார்க்காமல் விட்டதில் இருக்கிறது, ரைஃபிளைக் கையோடு பிடிக்கும் ஸ்லிங் வார் நழுவியதில் இருக்கிறது, கடைசி பத்து ஷாட்டில் அவசரப்பட்டதில் இருக்கிறது. நான் புது ரைஃபிள் வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை. வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். வசதி இல்லாதவரை மட்டம் தட்டாதீர்கள், அவ்வளவுதான்.

புதுசு எங்கே உண்மையாகவே ஜெயிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்கில். 1411-இன் கட்டை பிரோனுக்கென்றே செதுக்கியது. கன்னக்கட்டை, தோளில் பதியும் பட் பிளேட் எல்லாம் இன்றைய அளவுக்கு நகராது. கழுத்து நீளமான ஒருவர் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிவரும். ஒரு மணி நேரம் அப்படிப் படுத்திருந்தால் பின்கழுத்து இறுகிவிடும், பார்வையும் மங்கும். நின்று சுடும்போது இது இன்னும் கஷ்டம். போதாததற்குப் பழைய ஆக்ஷனில் ட்ரிக்கர் விட்டதிலிருந்து தோட்டா பற்றும் வரை கூடுதல் நேரம் எடுக்கும். பிரோனில் அது பெரிதாகத் தெரியாது. நிற்கும்போது உடம்பு ஆடிக்கொண்டே இருப்பதால் தெரியும். அதற்கு வழி, பேரலையும் ஆக்ஷனையும் வைத்துக்கொண்டு ஸ்டாக்கை மட்டும் மாற்றுவது. அன்சூட்ஸின் உருண்டை ஆக்ஷனுக்கு இன்றும் அலுமினிய ஸ்டாக் வருகிறது. ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் ரைஃபிளின் திருகு இடைவெளியையும் போல்ட் கைப்பிடி நிற்கும் இடத்தையும் அளந்து அனுப்பிக் கேளுங்கள். சைட்டுக்குக் கவலை வேண்டாம். மேலே இருப்பது 11 மில்லிமீட்டர் ரெயில், இன்றைய டயாப்டர் (துளை வழியே பார்க்கும் பின் சைட்) அப்படியே ஏறும்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பழைய ரைஃபிளைக் கெடுப்பது நாங்கள் சுடும் குண்டு இல்லை. ஈயக் குண்டு, மிதமான வேகம், ஒழுங்காக வைத்திருந்தால் பேரல் பல ஆயிரம் ஷாட்களைத் தாண்டும். கெடுப்பது தேர்தல். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டியில் சுடும் விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு. சங்கக் கடிதம், போட்டிச் சான்றிதழ் எல்லாம் இணைத்து நானும் மனு கொடுத்தேன். அதைப் படித்துக்கூடப் பார்க்காமல், "எல்லாரும் வெச்சுட்டாங்க, நீங்க மட்டும் என்னம்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். தோட்டத்துக் காவலுக்கு வைத்திருக்கும் இரட்டைக் குழல்களுக்கு அடியில், ஈரம் ஏறிய சுவரோரம் வாரக்கணக்கில் கிடந்தது. திரும்பி வந்தபோது பேரல் வாயருகே துருப் புள்ளிகள். ஒரு டார்கெட் பேரலுக்கு உயிரே அந்த வாய்தான். நல்லவேளை, உள் விளிம்பு வரைக்கும் துரு போகவில்லை. ஒரு வீராங்கனை தன் கருவியைப் பறிகொடுத்துவிட்டுப் பயிற்சி இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த வாரங்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நீங்கள் வாங்கினால் எண்ணெய்த் துணி சுற்றி, பையோடு கொடுத்து, ரசீதில் ரைஃபிளின் நிலையையும் எழுதி வாங்குங்கள்.

சரி, அந்தப் பெரியவரின் 1411-க்கு வருவோம். பணம் கொடுக்கும் முன் பேரல் வாயை லென்ஸில் பாருங்கள், அடிபட்ட தடம் இருக்கக் கூடாது. யாரிடமாவது போர்ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் கருவி) இருந்தால் சேம்பருக்கு முன்னால் உள்ள முதல் சில அங்குலங்களைப் பாருங்கள், தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும். பேரலை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்களா, சேம்பரைத் திருத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஸ்டாக் திருகுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி இறுக்கும்போது பேரல் மூக்கு அசைந்தால் கட்டை சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யலாம், விலையில் மட்டும் குறைத்துக் கேளுங்கள். ட்ரிக்கர் பாகங்கள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ட்ரிக்கர் தேய்ந்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மணல் மூட்டை மேல் வைத்து அவரையே சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் எந்தத் தோட்டாவில் சுடுகிறார், எந்த லாட் என்று டப்பாவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் கைவசம் இருக்கும் அந்த லாட்டையும் சேர்த்து வாங்க உங்கள் லைசென்ஸில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் மாற்றுவதையும் போல்ட் கழுவுவதையும் முதல் போட்டிக்கு முன்னால் செய்துவிடுங்கள்.