கசகசா அதைவிடச் சின்னது, டீச்சர்

அன்புள்ள சார்,

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சபைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. மூன்று வகுப்பும் சேர்த்தால் 70 பிள்ளைகள்கூட இல்லை. புதிதாக வந்திருக்கும் தாளாளர் ஐயர் (சபைப் போதகரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வோம்), ஒவ்வொரு ஆசிரியரும் தங்கள் பாடத்துக்கான கற்றல் நோக்கங்களை ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும், பெற்றோர் கூட்டத்தில் அதை வாசிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அறிவியலுக்கு முதல் நோக்கத்தை அவரே கொடுத்தும் விட்டார்: "படைப்பின் வழியாகப் படைத்தவரின் மகத்துவத்தை மாணவர் அறிவர்." நானும் விசுவாசிதான், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவள்தான். ஆனாலும் அறிவியலின் முதல் வரியாக இதை எழுத ஏனோ கை வரவில்லை. மீதியைப் பாடப்புத்தகத்தில் இருந்து அப்படியே எடுத்து எழுதலாம் என்றால் அது உயிரே இல்லாமல் இருக்கிறது.

போன வாரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "டைனோசர் நோவா பேழைக்குள்ள போச்சா டீச்சர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் ஐயரைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு முதலில் என் கதையைச் சொல்கிறேன். நான் 11 வருடம் அறிவியல் எடுத்தேன். அந்தக் காலத்துப் பாடக்குறிப்பேடுகளைப் புரட்டினால் கற்றல் நோக்கம் என்ற இடத்தில் "அறிவர்", "புரிந்துகொள்வர்", "உணர்வர்" என்று மூன்றே வினைச்சொற்கள்தான் மாறி மாறி வரும். வாரா வாரம் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போடுவார், நானும் அடுத்த வாரத்துக்கு அதையே எழுதுவேன். ஒரு தடவை மட்டும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உராய்வின் முக்கியத்துவத்தை உணர்வர்னு போட்டிருக்கீங்க, உணர்ந்துட்டானா இல்லையான்னு எப்படிப் பார்ப்பீங்க, நெத்தியைத் தொட்டுப் பார்ப்பீங்களா?" என்று கேட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டது சரி. பிள்ளை செய்வதை நாம் கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ வழியில்லை என்றால் அது நோக்கம் இல்லை, நம் ஆசை. ஆசைப்படலாம், தப்பில்லை. அதை எழுத வேண்டிய இடம் வேறு.

ஐயர் கொடுத்த வரியில் எனக்கு இருக்கிற சிக்கலும் அதுதான். அந்த வரியை அடிக்க வேண்டாம். பக்கத்தின் உச்சியில், பள்ளியின் பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் போடுங்கள். அது பள்ளியின் நம்பிக்கை, சொல்லிக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது. எண் போட்ட நோக்கங்களுக்குள் அதை நுழைத்தால் பிறகு அதற்கும் மதிப்பெண் போட வேண்டி வரும். உங்கள் வகுப்பில் இந்து வீட்டுப் பிள்ளையும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும் இருப்பார்கள், அவர்களும் மார்க்குக்காக நாலு வரி எழுதி வைப்பார்கள். மார்க்குக்காக எழுதுகிற மகத்துவத்தை ஐயரே விரும்ப மாட்டார். இன்னொன்றும் இருக்கிறது. "இலை ஏன் பச்சையா இருக்கு?" என்று கேட்கிற பிள்ளையிடம் "ஆண்டவர் அப்படிப் படைத்தார்" என்று சொன்னால் பக்திக்கு ஒன்றும் கூடுவதில்லை, கேள்வி மட்டும் அங்கேயே படுத்துவிடுகிறது.

இதை ஐயரிடம் எடுத்துச் சொல்ல உங்களுக்கு ஒரு ஆள் துணை தருகிறேன். ஜார்ஜ் லெமைத்ர் என்று பெல்ஜியத்தில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். அண்டம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927இல் கணக்குப் போட்டு எழுதியவர், எல்லாம் ஓர் ஆதி அணுவில் இருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931இல் சொன்னவரும் அவரே. இன்று பெருவெடிப்பு என்கிறோமே, அதன் வேர் அங்கேதான். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் ஓர் உரையில், புதிய விஞ்ஞானம் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்கிற தொனியில் பேசினார். வேறு யாராக இருந்தாலும் அந்த உரையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். லெமைத்ருக்கு அதில் உடன்பாடில்லை. என் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதுதான் அவர் நிலை. அங்கி போட்டவரே சொன்னது என்பதால் ஐயரிடம் பேச வசதியாக இருக்கும். (நியூட்டன், ஃபாரடே, மெண்டல் எல்லாம் விசுவாசிகள் என்று சார்ட் எழுதி ஒட்டுகிற வழக்கமும் நம் பள்ளிகளில் இருக்கிறது. ஒட்டட்டும். ஆனால் மெண்டல் பட்டாணிச் செடிகளை வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தார் என்பதையும் அதே சார்ட்டில் எழுதுங்கள்.)

சரி, நோக்கங்களுக்கு வருவோம்.

ஆறாம் வகுப்பின் முதல் பாடமே அளவீடுகள். "நீளத்தின் அலகுகளை அறிவர்" என்று எழுதாமல், "ஒரு கடுகின் அகலத்தை, கையில் இருக்கிற ஸ்கேலை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பார்" என்று எழுதிப் பாருங்கள். ஒற்றைக் கடுகை ஸ்கேலில் வைத்தால் ஒன்றும் தெரியாது, ஐந்து நிமிஷம் திணறுவார்கள். திணறட்டும், சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். யாராவது ஒருத்தி, இருபதை வரிசையாக அடுக்கி மொத்த நீளத்தை இருபதால் வகுக்கலாமே என்பாள். அடுக்கினால் கடுகு உருண்டு ஓடும். ஸ்கேலுக்கும் நோட்டு ஓரத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் செய்து அதில் அடுக்குவார்கள், ஒருவன் எச்சில் தொட்டு ஒட்டுவான். ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விடை வரும், ஏன் வேறு வேறாக வந்தது என்று கேட்பதில்தான் பாடமே இருக்கிறது. கடுகெல்லாம் ஒரே அளவுதானா, நடுவில் இடைவெளி விட்டார்களா, கண்ணைச் சாய்த்துப் பார்த்தார்களா? இடமாறு தோற்றப் பிழை என்று புத்தகத்தில் இருக்கிற நீளமான பெயருக்கு அப்போதுதான் பிள்ளைகளிடம் ஒரு வேலை வரும்.

உங்கள் பள்ளி என்பதால் கண்டிப்பாக ஒரு பிள்ளை கடுகு விதை உவமையை இழுக்கும். எல்லா விதைகளிலும் சிறியது என்று மத்தேயுவில் வருகிறதே என்று சொல்லும். உடனே இன்னொரு பிள்ளை, அடுப்படியில் அம்மாவோடு நிற்கிற பிள்ளை, "கசகசா அதைவிடச் சின்னது டீச்சர்" என்று சொல்லும். உங்கள் பக்கத்தில் எழுதியிருக்கிற நோக்கங்கள் நிஜமா இல்லையா என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும். வேதத்தை எதிர்த்துப் பேசாதே என்று அடக்கினால் அந்தப் பிள்ளை இனிமேல் அறிவியல் வகுப்பில் வாயைத் திறக்காது. பார்த்தியா, வேதம் தப்பு என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தாலும் அதே அளவுக்குத் தப்புதான். மறுநாள் கொஞ்சம் கசகசா கொண்டுவரச் சொல்லி அதையும் அளக்க விடுங்கள். சின்னதாகத்தான் இருக்கும். அப்புறம் சொல்லுங்கள், உவமை சொன்னவர் வயலில் விதைக்கிற சனங்களிடம் அவர்களுக்குத் தெரிந்த விதையை வைத்துப் பேசினார், தாவரவியல் எடுக்கவில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நாமும்தான் சொல்கிறோம், யாரும் தராசை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவதில்லை. அந்தக் கசகசாப் பிள்ளைக்கு அன்று முழு மார்க் போடுங்கள்.

ஏழாம் வகுப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்துச் சோதிப்பார்" என்ற ஒரு வரி போதும், வருடம் முழுக்க ஓட்டலாம். ஒரே அளவில் இரண்டு கைக்குட்டை, ஒன்றை விரித்தும் இன்னொன்றை மடித்தும் வராந்தாக் கொடியில் போடச் சொல்லுங்கள், எது முதலில் காய்கிறது என்று பார்க்கட்டும். விடை எல்லோருக்கும் முன்பே தெரியும், அதில் சுவாரசியம் இல்லை. "டீச்சர், அவன் துணியை நல்லாப் பிழிஞ்சுட்டான், இது செல்லாது" என்று ஒரு பிள்ளை சண்டைக்கு வரும் பாருங்கள், அந்தப் பிள்ளை அந்த வருடத்துப் பாடத்தில் பாதியைக் கற்றுவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம்.

எட்டாம் வகுப்புக்கு நான் எழுதுவது இது: "எந்தச் செய்தியைக் கேட்டாலும், இது எப்படித் தெரியும் என்று கேட்பார், பதிலில் ஓட்டை இருந்தால் காட்டுவார்." இருதலை மணியன் பாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் கிடக்கிற சாதுவான பாம்பு, விஷம் கிடையாது, வால் மழுங்கித் தலை மாதிரியே இருக்கும், அவ்வளவுதான். அதை வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் என்று லட்சக்கணக்கில் விலை பேசி ஏமாறுகிறவர்கள், விற்கப் போய் வனத்துறையிடம் மாட்டுகிறவர்கள் என்று பேப்பரில் அடிக்கடி வருகிறது. இரண்டு தலை என்றால் இரண்டு வாய் இருக்க வேண்டுமே, எந்த வாயால் தின்னும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டுவிட்டால் அந்த வியாபாரம் அதோடு முடிந்தது.

இந்தப் பாம்பின் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானி. அந்த ஜான் யார் என்று உங்கள் ஐயரிடம் கேளுங்கள், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தரங்கம்பாடி மிஷனில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், 1813இல் இறந்த பாதிரியார். பிரசங்கம் செய்தார், பள்ளிக்கூடங்களைக் கவனித்தார், மீதி நேரத்தில் நம் கடற்கரை மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த பிளோக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நம் ஊரில் கத்தாழை என்று வாங்குகிறோமே, அந்த வகை மீன்களில் ஒரு பேரினத்துக்கே பிளோக் ஜானியஸ் என்று அவர் பெயரை வைத்தார். அதே மிஷனில் ராட்லர் என்றொருவர் செடிகளைச் சேகரித்தார், தமிழ் அகராதியும் தொகுத்தார். சபைப் பள்ளியில் அறிவியலுக்கு என்ன மரபு இருக்கிறது என்று கேட்டால் எனக்கு ஞாபகம் வருவது இவர்கள்தான். மீனைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள், செதிலை எண்ணத் தெரிந்தவனுக்கு அனுப்பிவைத்தார்கள். பள்ளி வளாகத்தில் இருக்கிற இருபது செடிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவது என்று ஒரு நோக்கம் போட்டால் ஐயர் மறுப்புச் சொல்ல மாட்டார். ஆதாமுக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்றே மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பெயர் வைப்பதுதானே.

இப்போது அந்த டைனோசர் பையன். நீங்கள் சிரித்தது பெரிய குற்றமில்லை, ஆனால் நாளைக்கே அவனிடம் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுங்கள், அவன் கேட்டது வேடிக்கைக்கு மட்டும் இல்லை. டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன, மனிதன் வந்தது அதற்கு எவ்வளவோ பின்னால், பாறைகளும் அவற்றில் இருக்கிற புதைபடிவங்களும் அதைக் காட்டுகின்றன. இதை மழுப்பாமல் சொல்லுங்கள். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது, 12 கோடி ஆண்டு என்கிறார்கள். அதைச் சுற்றி அரியலூர் வரைக்கும் தோண்டினால் கடல் சிப்பிகளின் படிவங்கள் கிடைக்கின்றன, இன்று கடற்கரைக்குப் போக அங்கிருந்து பஸ்ஸில் சில மணி நேரம் ஆகும். அந்தக் கல்மரத்தின் படத்தைக் காட்டி, இது எப்படி இங்கே வந்தது என்று கேளுங்கள். பேழையைப் பற்றி அவன் திரும்பக் கேட்டால், ஆதியாகமத்தை எப்படி வாசிப்பது என்பதில் சபைக்குச் சபை வேறுபாடு இருக்கிறது, இந்த வகுப்பில் பாறை சொல்வதைப் பார்ப்போம் என்று சொல்லலாம். பரிணாமம் ஒரு கருதுகோளுக்கும் மேலானது என்று 1996இல் போப் இரண்டாம் ஜான் பாலே சொன்னார். எல்லாச் சபையும் அதை ஏற்றுக்கொள்ளாது, உங்கள் ஊரில் யாராவது வந்து சண்டை போடவும் கூடும். அதற்காக வயதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பையன் பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் படிக்கும்போது எட்டில் டீச்சர் என்ன சொன்னார் என்று நினைத்துப் பார்ப்பான்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். வளரறி மதிப்பீட்டில், அதாவது பாடம் நடக்கும்போதே வகுப்பில் போடுகிற மதிப்பெண்ணில், செயல்பாட்டுக்கு இருக்கிற 20 மார்க், ஸ்டேஷனரிக் கடையில் படம் வாங்கி ஒட்டிய சார்ட்டுக்குத்தான் பல இடங்களில் போகிறது. அதைக் கடுகுக்கும் கைக்குட்டைக்கும் கொடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை ஐயர் வாசிக்க வேண்டாம், நீங்களே வாசியுங்கள், பேச்சு வழக்கில் வாசியுங்கள். பீடி சுற்றுகிற வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிற அம்மாவுக்கு "கற்றல் விளைவு" என்றால் ஒன்றும் புரியாது. "உங்க பிள்ளை இந்த வருஷம் கடுகை அளந்து காட்டும்" என்றால் சிரிப்பார், வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் கேட்கவும் செய்வார்.

நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் நானே இருபது கடுகை அடுக்கிப் பார்த்தேன். 3.4 சென்டிமீட்டர் வந்தது, ஒரு கடுகு 1.7 மில்லிமீட்டர். என் மனைவி அதே கடுகைத் திரும்ப அளந்துவிட்டு 3.1தான் என்கிறார். என் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்பது அவர் முடிவு. உங்கள் ஆறாம் வகுப்புக்கு எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள்.