பழைய டெஸ்க்டாப்பில் சத்தம் வரவில்லை, மதர்போர்டையே மாற்ற வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கொடைக்கானல் மேல்மலையில் வீடு. பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன டெஸ்க்டாப், விண்டோஸ் 7, கூடவே ஒரு 2.1 ஸ்பீக்கர். ஐப்பசி மழை முடிந்த பிறகு சத்தம் விட்டுவிட்டு வந்து, அப்புறம் அடியோடு நின்றுவிட்டது. பாட்டு ஓடும்போது திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்குகிறது, ஸ்பீக்கரில் மட்டும் ஒன்றும் இல்லை. டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டும் பலன் இல்லை. கடையில் திறந்து தூசி தட்டிப் பார்த்துவிட்டு “போர்டு போயிடுச்சு” என்கிறார்கள். சிபியூவைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு இறங்க வேண்டாம். அந்த வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கிப் போனால் ராம் வேறு கழன்றுகொள்ளும்.

நான் பெருமாள்மலைப் பக்கம். அக்கம்பக்கத்துப் பள்ளிகள், ஹோம்ஸ்டேக்கள், ஜெராக்ஸ் கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். சத்தம் போனதாக மலையில் என்னிடம் வரும் பழைய மெஷின்களில், போர்டில் சத்தத்துக்கென்று இருக்கும் சிப் செத்துக் கிடப்பது அபூர்வம். பெரும்பாலும் உலோகமும் உலோகமும் தொடும் ஏதோ ஓர் இடத்தில்தான் சத்தம் நின்றிருக்கும். அதனால் எது கெட்டது என்று ஊகிப்பதற்குப் பதில், சத்தம் எந்த இடம் வரை வந்து நிற்கிறது என்று தேடுங்கள். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு நல்ல துப்பு இருக்கிறது.

முதல் துப்பு அந்தப் பச்சைக் கோடு. அது ஆடுகிறது என்றால் பிளேயரிலிருந்து விண்டோஸுக்குப் பாட்டு வருகிறது, விண்டோஸும் அதை ஒரு டிவைஸுக்கு அனுப்புகிறது. அதாவது டிரைவர், விண்டோஸ் ஆடியோ சர்வீஸ் எல்லாம் அநேகமாக நலம். மறுபடி மறுபடி டிரைவர் போடுவது வீண் வேலை. ஆனால் எந்த டிவைஸுக்கு அனுப்புகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் ஐகானை ரைட் கிளிக் செய்து பிளேபேக் டிவைசஸ் திறந்தால் ஒரு பட்டியல் வரும். பச்சைக் கோடு “ஸ்பீக்கர்ஸ்” என்பதன் பக்கத்தில் ஆடினால் சரி. “டிஜிட்டல் அவுட்புட்” அல்லது எச்.டி.எம்.ஐ என்பதன் பக்கத்தில் ஆடினால், சத்தம் ஸ்பீக்கருக்கு வராமல் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கிறது. புதிதாக கிராபிக்ஸ் கார்டு போட்டாலோ, மானிட்டரை எச்.டி.எம்.ஐ கேபிளுக்கு மாற்றினாலோ இது நடக்கும். கார்டின் டிரைவர் தன் பங்குக்கு ஒரு ஆடியோ டிவைஸையும் கொண்டுவந்து, தானே முதல் ஆளாக உட்கார்ந்துகொள்ளும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது, பாட்டு அங்கே போய் மறைந்துவிடும். “ஸ்பீக்கர்ஸ்” மேல் கிளிக் செய்து செட் டிஃபால்ட் கொடுத்தால் முடிந்தது. பட்டியலில் அதுவே இல்லை என்றால், காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டிசேபிள் ஆன டிவைஸ்களையும் காட்டச் சொல்லுங்கள்.

(இதே பிரச்சினையோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்பீக்கர் ஐகான் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் அது வேறு கதை. அப்போதுதான் டிவைஸ் மேனேஜர், டிரைவர், விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் செட்டிங்கில் ஆன்போர்டு ஆடியோ (போர்டிலேயே இருக்கும் சத்த வசதி) எனேபிள் ஆகியிருக்கிறதா என்பதெல்லாம். கரண்ட் போய் வந்தால் தேதி பழைய வருடத்துக்குப் போகிறது என்றால், போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது, பயாஸ் செட்டிங்கும் கூடவே கலைந்திருக்கலாம். பேட்டரியை மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.)

இரண்டாவது துப்பு இன்னும் முக்கியம். சத்தம் விட்டுவிட்டு வந்து பிறகு நின்றது என்கிறீர்கள். சிப் பொதுவாகத் தவணை முறையில் சாகாது. இடி இறங்கியோ, வோல்டேஜ் ஏறியோ போனால் ஒரே அடியாகப் போகும், பல சமயம் லேன் போர்ட்டையும் சேர்த்துக்கொண்டு போகும். விட்டுவிட்டு வருவது, கரகரப்பது, ஒயரைத் தொட்டால் ஒரு நொடி வந்து போவது, இவையெல்லாம் காண்டாக்ட் கோளாறின் குணங்கள். கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வரும், வெயில் முகம் பார்த்தே வாரக்கணக்கில் ஆகும். வருடக்கணக்கில் அசையாமல் சொருகிக் கிடக்கும் ஸ்பீக்கர் பின்னில் களிம்பு ஏறாமல் என்ன செய்யும்? பூஜை அறைப் பித்தளைச் சொம்பு பச்சை பிடிப்பது மாதிரிதான், ஆனால் இங்கே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமே போதும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஸ்பீக்கரிலிருந்து. எல்லோரும் கம்ப்யூட்டரைக் குடைந்துகொண்டிருப்பார்கள், ஸ்பீக்கரை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஸ்பீக்கரை ஆன் செய்து, சத்தத்தைப் பாதி அளவில் வைத்து, சிபியூவின் பின்னால் சொருகியிருக்கும் ஸ்பீக்கர் ஒயரின் பச்சைப் பின்னை உருவி அதன் நுனியை விரலால் தொடுங்கள். “ஊம்ம்” என்று ஒரு முனகல் வந்தால் ஸ்பீக்கரின் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிபயர்) உயிரோடு இருக்கிறது. அதே பின்னை ஹெட்செட் ஓட்டை உள்ள போனிலோ ரேடியோவிலோ சொருகியும் பார்க்கலாம். நான் பெரும்பாலும் போனில் எஃப்.எம் போட்டு 100.5இல் கோடைப் பண்பலையை வைத்துவிடுவேன். ஸ்பீக்கர் ஒயரே ஏரியலாக வேலை செய்துவிடும், நெட் தேவையில்லை, மேல்மலையில் அதுவே பெரிய விஷயம். பழைய டிரான்சிஸ்டரில் சொருகினால் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்கலாம். அந்த ரேடியோக்களின் ஓட்டை மோனோவுக்கானது, அதனால் அப்படி. அதற்குப் பயப்பட வேண்டாம்.

இதிலும் சத்தம் இல்லை என்றால் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்பீக்கர்தான் நோயாளி. 2.1 ஸ்பீக்கர்களில் நம் ஊர் ஈரத்துக்கு முதலில் பலியாவது வால்யூம் திருகும், அதிலேயே இருக்கும் ஹெட்போன் ஓட்டையும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை நிறைய முறை திருப்புங்கள். ஹெட்போன் ஓட்டையில் ஒரு பின்னைச் சொருகிச் சொருகி எடுங்கள். அந்த ஓட்டைக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஹெட்போன் சொருகினால் ஸ்பீக்கரைத் துண்டிப்பது அதன் வேலை. பின்னை எடுத்த பிறகும் அது துண்டித்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் ஸ்பீக்கர் ஊமைதான். பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், உள்ளே டிரான்ஸ்பார்மருக்கு 230 வோல்ட் நேராக வருகிறது. ரேடியோ, ஆம்ப்ளிபயர் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். இதில் கம்ப்யூட்டர் கடைக்காரரைவிட அவருக்குக் கை பழக்கம் அதிகம்.

ஸ்பீக்கர் பாடுகிறது என்றால், ஒரு நல்ல ஹெட்செட்டை எடுத்து சிபியூவின் முன்பக்க ஓட்டையில் சொருகிப் பாருங்கள். போர்டு பிழைத்ததா செத்ததா என்ற வழக்கில் தீர்ப்பே இதுதான். முன்பக்கமும் பின்பக்கமும் ஓட்டைகள் வேறு, ஒயர்கள் வேறு, ஆனால் சிப் ஒன்றே. முன்னால் சத்தம் வந்தால் சிப் வேலை செய்கிறது, கடைக்காரர் சொன்னது தவறு. அன்றைக்கே ஸ்பீக்கரை முன்பக்கம் மாட்டி வேலையைத் தொடரலாம்.

இந்த முன்பக்க ஓட்டைக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. உங்கள் மெஷினின் வயதுக்கு அது எச்.டி ஆடியோ வகையாக இருக்கும், 2004க்குப் பிறகு வந்த முறை. எந்த ஓட்டையில் என்ன சொருகியிருக்கிறது என்று அது மோப்பம் பிடிக்கும். முன் ஓட்டையின் உள் ஸ்விட்ச் களிம்பேறி ஒட்டிக்கொண்டால், அங்கே ஹெட்போன் இருப்பதாக நினைத்துப் பின்பக்கத்தை மியூட் செய்துவிடும். நீங்கள் பின்னால் எத்தனை ஸ்பீக்கர் மாற்றினாலும் சத்தம் வராது, பச்சைக் கோடு மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். உங்கள் அறிகுறிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. சத்தச் சிப்பின் டிரைவரோடு வரும் ரியல்டெக் ஆடியோ மேனேஜர் இருந்தால் அதன் வலது மேல் மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன ஃபோல்டர் படம் இருக்கும். அதைத் தொட்டு, முன்பக்க ஜாக் கண்டுபிடிப்பதை டிசேபிள் செய்யுங்கள். பல போர்டுகளில் அந்த நொடியே சத்தம் திரும்பிவிடும்.

கடையில் திறந்து தூசி தட்டினார்கள் என்கிறீர்களே, அதனால் இன்னொன்றும் பார்க்கச் சொல்வேன். முன்பக்க ஆடியோ ஒயர் போர்டில் அதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா? உங்களுடையதைவிடப் பழைய, எச்.டி ஆடியோவுக்கு முந்தைய ஏ.சி.97 முறை போர்டுகளில் இது ஆளையே கொல்லும். அந்த போர்டுகளில் பின்பக்கத்துக்குப் போகும் சத்தமே முன்பக்க இணைப்பைச் சுற்றித்தான் வரும். முன்பக்க ஒயர் இல்லாதபோது 5, 6 பின்களையும் 9, 10 பின்களையும் இரண்டு சின்ன ஜம்பர்கள் (இரண்டு பின்களைச் சேர்க்கும் குட்டி மூடிகள்) இணைத்திருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று ஜம்பரையோ ஒயரையோ பிடுங்கிவிட்டு மறந்தால் பின்பக்கம் மௌனம். சர்வீஸுக்குப் போய் வந்த பிறகு சத்தம் போனது என்று யாராவது சொன்னால் நான் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அங்கேதான்.

இனி சுத்தம். கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, யுபிஎஸ்ஸையும் நிறுத்திவிடுங்கள். மொபைல் ரிப்பேர் கடைகளில் ஐ.பி.ஏ என்று கேட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொடுப்பார்கள். ஒரு பழைய ஆடியோ பின்னில் அதைத் தொட்டு ஈரமாக்கி, பச்சை ஓட்டையில் சொருகிச் சுழற்றி எடுங்கள், துடையுங்கள், திரும்பச் செய்யுங்கள். துணியில் கறுப்பாக வந்தால் சந்தோஷப்படுங்கள். காது குடையும் பட்ஸ் வேண்டாம், பஞ்சு உள்ளே மாட்டிக்கொள்ளும். கை கழுவும் சானிடைசரும் வேண்டாம், அதில் இருக்கும் கிளிசரின் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். தேங்காய் எண்ணெய் விட்ட ஒரு மெஷினையும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. நன்றாகக் காயவிட்டு ஆன் செய்யுங்கள். ஹீட்டர் முன்னால் வைத்தெல்லாம் காயவைக்க வேண்டியதில்லை, ஆல்கஹால் தானே பறந்துவிடும்.

சுத்தம் செய்த பிறகும், பின்னை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் ஓட்டையின் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கிறது. போர்டைக் கழற்றி மறுபடி ஈயம் வைத்தால் சரியாகும், மூஞ்சிக்கல் பஜாரில் மொபைல் போர்டு பார்க்கிறவர்களே செய்துவிடக்கூடிய வேலை. அதுவரைக்கும், பல ரியல்டெக் போர்டுகளில் நீல ஓட்டையில் ஸ்பீக்கரைச் சொருகினால் “என்ன சொருகினீர்கள்” என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். ஸ்பீக்கர் என்று சொன்னால் நீலம் பச்சையின் வேலையைப் பார்க்கும்.

இத்தனைக்கும் பிறகு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை என்றால், விண்டோஸை ஒரேயடியாகச் சந்தேக வட்டத்திலிருந்து நீக்க ஒரு வழி இருக்கிறது. தெரிந்தவர்களிடம், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் வாங்கி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே மெஷினை ஆன் செய்து ஒரு பாட்டு போடுங்கள். அங்கே பாடினால் விண்டோஸில்தான் கோளாறு. அங்கேயும் ஊமை என்றால், சரி, சிப் போயிருக்கலாம் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்போதும் மதர்போர்டு மாற்ற வேண்டியதில்லை. சத்தத்துக்கான சிப் மட்டும் போனால் மற்றதெல்லாம் எப்போதும் போல் ஓடும். விரல் நீளத்தில் யுஎஸ்பி சவுண்டு கார்டு என்று ஒன்று விற்கிறது, சில நூறு ரூபாய்தான். விண்டோஸ் 7 ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் சாதாரண மாடல்களுக்குத் தனி டிரைவர் வேண்டாம். பின்பக்க யுஎஸ்பியில் சொருகி, பிளேபேக் பட்டியலில் அதை டிஃபால்ட் ஆக்கி, பழைய ஆன்போர்டு ஆடியோவைப் பயாஸில் டிசேபிள் செய்துவிடுங்கள். ஸ்பீக்கரின் பச்சைப் பின் அப்படியே இதில் பொருந்தும்.

கடையில் இதற்குப் பதிலாக “யுஎஸ்பி ஸ்பீக்கர்” எடுத்துக்கொள்ளச் சொன்னால் ஒயரைக் கொஞ்சம் பாருங்கள். யுஎஸ்பியோடு இன்னொரு சின்ன ஆடியோ பின்னும் தொங்கினால், அது யுஎஸ்பியிலிருந்து எடுப்பது கரண்டை மட்டும்தான். சத்தத்துக்கு அதே பச்சை ஓட்டையைத்தான் தேடும், சிப் போன மெஷினில் அதை மாட்டிப் பிரயோசனமில்லை.